நிழல் விழும் இடத்தில் ஒரு தொலைநோக்கி
(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறி, பர்கூர், திருப்பத்தூர், ஆலங்காயம் எனக் கிழக்கு நோக்கிச் சென்றால், சவ்வாது மலைத் தொடரில் காவலூர் என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே காட்டுக்கு நடுவே வெண்ணிறக் குவிமாடங்கள் நிற்கின்றன. ஓசூரில் ஏறி எதிர்த் திசையில் அத்திப்பள்ளியைத் தாண்டிச் சென்றால், பெங்களூர்க் கோரமங்கலாவில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் காணலாம். முன்னது கண் என்றால் பின்னது மூளை. இரண்டையும் உண்டாக்கியவர் ஒருவரே. அவர்தாம் வைணு பாப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட மண்ணில் வாழ்கின்ற நாம் அவரைப் பற்றி அறிந்திருப்பது மிகக் குறைவு.

அவருடைய வரலாற்றை முழுவதும் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதைப் படிக்கப் படிக்க, இரண்டே இரண்டு இரவுகள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று 1972இல், மற்றொன்று 1977இல். அந்த இரவுகளில் பதிவெடுத்தவர்களாக ஏடுகளில் நிற்கும் பெயர்கள் வேறு. ஆயினும் அவை பாப்புவின் இரவுகள் என்றே நான் கருதுகிறேன். ஏன் என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். முன்னோர் கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தையார் ஐதராபாத்தில் நிஜாமியா வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். ஆகவே பிற பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்த வயதில் இவர் தொலைநோக்கியைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. ஐதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்த காலத்திலேயே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. பின்னர் ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

சென்ற சில மாதங்களிலேயே, 1949 சூலைத் திங்களில், வானத்தைப் படமெடுத்த தகடு ஒன்றில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். பேராசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகியோருடைய பெயர்களும் சேர்ந்து, பாப்பு-போக்-நியூகர்க் வால்மீன் என்று அது பெயர் பெற்றது. அது மீண்டும் வர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அப்போது பாப்புவுக்கு வயது 22 கூட நிறையவில்லை. என்னைவிட ஓராண்டுதான் மூத்தவர்! பசிபிக் வானியல் கழகம் அதற்காக ஒரு பதக்கமும் வழங்கியது.

1952இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் கலிபோர்னியாவில் அந்நாளில் உலகிலேயே பெரியதாக இருந்த பாலோமர் தொலைநோக்கியில் பணி செய்யும் வாய்ப்பு வாய்த்தது. அங்கே ஓலின் வில்சன் என்பவருடன் சேர்ந்து ஓர் உண்மையைக் கண்டார். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் கே வரி என்று ஒன்று உண்டு. அவ்வரியின் நடுவே ஓர் ஒளிக்கோடு தெரியும். அந்த ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்தால், அந்த விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்பதைச் சொல்லிவிடலாம். அதிலிருந்து தொலைவையும் அறியலாம். 1957இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு வில்சன்-பாப்பு விளைவு என்று இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. இது ஒன்றே ஒரு மனிதருக்குப் போதுமான புகழ். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் இன்னும் எத்தனையோ கண்டிருப்பார்.

அவர் திரும்பி வந்தார். 1954இல் உத்தரப் பிரதேச அரசின் புதிய வான் ஆய்வுக்கூடத்தை ஏற்றார். காசியில் தொடங்கிய அதனை நைனிடால் மலைக்குக் கொண்டு சென்றார். 1960இல், 33ஆம் வயதில், கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார்.

கொடைக்கானல் 1899இல் ஏற்பட்டது. சூரியனைப் பார்ப்பதில் அது பெயர் பெற்றது. ஆனால் பாப்புவின் மனம் இரவு வானத்தில் இருந்தது. கொடைக்கானல் முகில்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நல்ல தெளிவான இரவுகள் வேண்டும். நகர வெளிச்சம் இருக்கக் கூடாது. தென்வானமும் தெரிய வேண்டும். இவற்றை மனத்தில் வைத்துத் தென்னாட்டு மலைகளை அலசினார்கள். கடைசியில் தேர்ந்தது சவ்வாது மலைக் காவலூர். கடல் மட்டத்திற்கு மேல் 725 மீட்டர். இமயமலைபோல் உயரமன்று, அதற்குக் குறை சொல்வாரும் உண்டு. ஆனால் பன்னிரண்டரைப் பாகை வட அகலாங்கில் இருப்பதால் வடவானும் தென்வானும் ஒருங்கே தெரியும். இன்னொன்று: ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே உலக உருண்டையில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விழித்திருக்கும் கண்கள் மிகச் சில. காவலூர் அங்கே ஒரு கண்.

1960களின் பிற்பகுதியில் அங்கே முதலில் நின்றது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. கொடைக்கானலில் நம்மவர்களே செய்தது. வெளிநாட்டிலிருந்து வரும்வரை கை கட்டிக் காத்திருப்பது பாப்புவுக்குப் பிடிக்காத செயல் என்று தோன்றுகிறது. பட்டறை ஒன்று இருக்க வேண்டும், ஆடி தேய்ப்பவர் இருக்க வேண்டும், மின்னணுக் கருவி செய்பவர் இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 1971 ஏப்ரல் முதல் நாள், அதுவரை வானிலைத் துறையின் கீழ் இருந்த கொடைக்கானல் கூடம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. அடுத்த ஆண்டு, செருமனியின் ஜெனா நகரில் கார்ல் ஜெய்ஸ் தொழிலகத்தில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூரில் ஏறி நின்றது.

நிற்க. இங்கே விண்மீன் மறைப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

என் தந்தையார் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிப்பது என்ன என்று அவர் கேட்கும்போதெல்லாம் சொல்லிப் புரிய வைப்பது எனக்குப் பெரும்பாடு. ஆனால் இந்த மறைப்பை அவர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். காரணம், பட்டறையில் அவர்கள் இதைத்தான் நாள்தோறும் செய்கிறார்கள். கடைந்தெடுத்த பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்னும் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்களாம். இடுக்கில் ஒளி கசிந்தால் அங்கே பள்ளம். வெறுங்கண் அளக்க முடியாத சில மைக்ரான் பள்ளத்தை ஒளி காட்டிக்கொடுத்துவிடும். பொருளைப் பார்க்காதே, பொருள் விடுகின்ற ஒளியையும் மறைக்கின்ற ஒளியையும் பார். இதுதான் பட்டறையின் பாடம். வானியலின் பாடமும் அதுவே.

வானத்தில் ஒரு கோளோ துணைக்கோளோ சிறுகோளோ மெதுவாக நகர்ந்து செல்கிறது. அதன் பின்னால் எங்கோ எல்லையற்ற தொலைவில் ஒரு விண்மீன். கோள் விண்மீனை மறைக்கும் அந்த நேரத்தில், விண்மீனின் ஒளியில் கோளுக்கு ஒரு நிழல் உண்டாகிறது. விண்மீன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே நிழலின் அளவு கோளின் அளவே. அந்த நிழல் பூமியின்மீது நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நிழல் ஓடும் பாதையில் நிற்பவனுக்கு விண்மீன் ஒரு கணம் அணைந்து எரியும். எவ்வளவு நேரம் அணைந்தது என்பதை அளந்து வேகத்தால் பெருக்கினால் கோளின் அகலம் கிடைக்கும். பட்டென்று அணையாமல் மெல்ல மங்கி அணைந்தால், அங்கே வளிமண்டலம் இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிழல் நம்மைத் தேடி வராது. அது எந்தக் கடலின்மீது ஓடும், எந்த நாட்டின்மீது ஓடும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று அது பார்ப்பதில்லை. விழுகின்ற இடத்தில், விழுகின்ற நொடியில், ஒரு தொலைநோக்கியும் அதனருகே விழித்திருக்கும் ஓர் ஆளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரவு போனது போனதுதான்.

1972 சூன் 7ஆம் நாள் அப்படி ஒரு நிழல் வந்தது. வியாழனின் மிகப் பெரிய துணைக்கோளான கானிமீட் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கும் என்று முன்னரே கணித்திருந்தார்கள். நிழலின் பாதையில் இரண்டு இடங்களில் நல்ல தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் லெம்பாங். மற்றொன்று, புதிதாக வந்திறங்கிய ஒரு மீட்டர் தொலைநோக்கியுடன் நின்ற காவலூர். புது வண்டிக்குப் பூசை போட்ட கையோடு நெடுந்தொலைவு ஓட்டியதுபோல, அந்தத் தொலைநோக்கி தன் முதல் ஆண்டிலேயே இந்த வேலையைச் செய்தது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சாரியா எடுத்த பதிவும் லெம்பாங் பதிவும் சேர்ந்து, 1973இல் சயின்ஸ் இதழில் கட்டுரையாயின. கானிமீட்டின் அளவு கிடைத்தது. ஒளி மங்கிய முறையைக் கொண்டு, அங்கே மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்றும் முடிவு கட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். கானிமீட்டின் வளிமண்டலத்தைக் காவலூர் கண்டது என்று எழுதிவிட்டுப் பெருமையோடு அடுத்த வரிக்குப் போய்விடுவது எளிது. ஆனால் 1979இல் வாயேஜர் விண்கலம் அருகில் சென்று அளந்தபோது, 1972இல் சொன்ன அளவுக்கு அடர்ந்த வளிமண்டலம் அங்கே இல்லை என்று தெரிந்தது. பின்னர் 1990களில் ஹபிள் தொலைநோக்கி, அதைவிடப் பன்மடங்கு மெல்லிய ஆக்சிசன் படலம் ஒன்று இருப்பதைக் கண்டது. ஆக, வளிமண்டலம் உண்டு. ஆனால் அன்று சொன்ன அளவில் இல்லை. இதைச் சொல்வதால் காவலூரின் மதிப்புக் குறைந்துவிடாது. அளந்தவர்களைப் பிறர் அளந்து திருத்துவார்கள். அளக்காதவர்களைத் திருத்த எதுவும் இல்லை.

இரண்டாவது இரவு 1977 மார்ச்சு 10. இம்முறை யுரேனஸ். சூரியனிலிருந்து ஏழாவது கோள். அன்று நம்மிடமிருந்து ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அது ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. அதன் வளிமண்டலத்தை ஆராயலாம் என்பதே எல்லாருடைய நோக்கமும். வளையம் என்ற எண்ணம் எவருக்கும் இல்லை. அன்று வளையம் உள்ள கோள் சனி ஒன்றுதான்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழுவினர், 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய கைப்பர் வானூர்தியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு குழு. நைனிடாலில் ஒரு குழு. காவலூரில் பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்திய மண்ணில் அன்று விழித்திருந்த இந்த இரண்டு கூடங்களும் பாப்பு வளர்த்தவை. இரண்டிலும் இருந்தவை ஜெனாவிலிருந்து வந்த, ஏறக்குறைய ஒரே அளவான தொலைநோக்கிகள். இரண்டும் 1972இல் நிறுவப்பட்டவை. நைனிடாலை விட்டு அவர் நீங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோளின் நிழல் கணித்த பாதையைவிடத் தெற்கே விலகிச் சென்றது. காவலூரிலிருந்து பார்த்தால் யுரேனஸ் விண்மீனை மறைக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டதுபோலத்தான்! ஆனால் கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளிமானி இயங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பதிவில், விண்மீனின் ஒளி திடீரென்று இறங்கிச் சில நொடிகளில் மீண்டும் ஏறியிருந்தது. முகிலா? கருவிக் கோளாறா? இரண்டும் இல்லை. ஏதோ ஒரு பொருள் குறுக்கே சென்றிருக்கிறது.

யுரேனசுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு பக்கத்துத் தாழ்வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது துணைக்கோளா வளையமா என்று எப்படிச் சொல்வது? அந்த விடை வானூர்தியில் இருந்தது. எலியட் குழுவினர் கோள் விண்மீனை மறைப்பதற்கு முன் பல தாழ்வுகளைக் கண்டார்கள். மறைத்து விலகிய பிறகும் அதே இடைவெளிகளில் தாழ்வுகளைக் கண்டார்கள். கோளுக்கு இருபுறமும் ஒரே முறையில் நிற்கக்கூடியது வளையம் ஒன்றே. காவலூரில் தெரிந்த பெரிய தாழ்வு அவ்வளையங்களுள் ஒன்று. அதன்பின் காவலூர்ப் பதிவை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, பட்டாச்சாரியாவும் பாப்புவும் யுரேனஸ் வளையங்களைப் பற்றி அதே ஆண்டில் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

யுரேனஸ் வளையங்களை இந்தியாதான் கண்டுபிடித்தது என்று வினாடி வினாக்களில் சொல்வாரும் உண்டு. அது சரியன்று. வளையம் என்று அறிந்து சொன்ன பெருமை எலியட் குழுவினருடையது. ஆனால் காவலூரில் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் சரியன்று. அந்த இரவில் வளையத்தின் நிழல் சவ்வாது மலைமீது ஓடியது. ஓடியதை ஒரு கருவி எழுதி வைத்தது. அவ்வளவும் உண்மை. மிகையில்லாத இந்த அளவே எனக்குப் போதுமான பெருமையாகத் தெரிகிறது.

அந்த வளையங்கள் எவ்வளவு மெல்லியவை தெரியுமா? பெரும்பாலானவற்றின் அகலம் பத்துக் கிலோமீட்டர் அளவே. பத்துக் கிலோமீட்டரை 270 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் பார்ப்பது, ஒரு தலைமுடியின் பருமனைப் பத்தொன்பது கிலோமீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்குச் சமம். கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் நின்றுகொண்டு பர்கூருக்கும் அப்பால் யாரோ பிடித்திருக்கும் ஒற்றை முடியைப் பார்க்க வேண்டும். எந்தத் தொலைநோக்கியின் படத்திலும் அது அந்நாளில் தெரிந்திருக்காது. நிழல்தான் காட்டியது.

பாப்புவுக்கு வருவோம். 1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1981இல் பத்மபூஷண் விருது வந்தது. ஆனால் அவர் நெஞ்சு முழுதும் நிறைந்திருந்தது வேறொன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்வது. ஆடிக்கான கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில். தாங்கும் இரும்பு உடலைச் செய்தது மகாராட்டிரத்தின் வால்சந்த்நகர்த் தொழிலகம். சர்க்கரை ஆலை எந்திரம் செய்தவர்கள் அவர்கள். எவ்வளவு பெரிய எந்திரமானாலும் ஒரு மயிரிழை பிசகாமல் திரும்ப வேண்டும் என்பது லேத் பட்டறைக்காரர் மகனுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

அதைக் காண அவர் இருக்கவில்லை. 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பத்ராசு நகரில் ஒன்றியத்தின் பேரவை கூடியது. தலைவராக அவர் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் செருமனியின் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவைக்குப் பிறகு, ஆகஸ்டு 19ஆம் நாள், அங்கேயே உயிர் நீத்தார். 55 வயது நிறைந்து ஒன்பதே நாள்கள் ஆகியிருந்தன. பாதி வேலை முடிந்த தொலைநோக்கியைப் பட்டாச்சாரியா இயக்குநராகப் பொறுப்பேற்று முடித்தார். 1986 சனவரி 6ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்து, தொலைநோக்கிக்கும் காவலூர்க் கூடத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அதே சனவரி 24ஆம் நாள் வாயேஜர்-2 விண்கலம் யுரேனசை நெருங்கிச் சென்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காவலூரில் ஒரு கோட்டின் சரிவாகத் தெரிந்த வளையங்களை அருகிருந்து படமெடுத்து அனுப்பியது. பதினெட்டு நாள் இடைவெளியில் இவை இரண்டும் நடந்தன.

அவருக்குப் பின் இந்த நிழல் வேட்டை எங்கோ சென்றுவிட்டது. 1988இல் புளூட்டோவின் வளிமண்டலம் இம்முறையில் உறுதியாயிற்று. 2020 சூன் 6ஆம் நாள் புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபோது, நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலில் உள்ள தொலைநோக்கிகள் அதைப் பதிவு செய்து, அங்கே காற்றழுத்தம் எவ்வளவு என்று அளந்தன. 2013இல் சாரிக்லோ என்னும் சிறு பொருளுக்கு வளையம் இருப்பது தெரிந்தது. பின்னர் ஹவுமியாவுக்கும் குவாவாருக்கும். இவற்றுள் ஒன்றின் வளையத்தையும் முதலில் படமெடுத்துக் காணவில்லை. எல்லாம் நிழல் சொன்ன செய்தி.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டையில், ஒரு கிலோமீட்டர் அளவே உள்ள பனிக்கட்டிகள் கோடிக்கணக்கில் திரிவதாகக் கருதுகிறார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கிக்கும் அவை தெரியா. ஆனால் ஒரு விண்மீனை மறைத்தால்? நிழல் நொடிக்கு 25 கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டர்ப் பொருள் விண்மீனை மறைப்பது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதைவிடக் குறைவு. அதோடு, ஒளியியல் தாளில் நாம் படிக்கும் ஃபிரனெல் விளிம்பு விளைவும் குறுக்கிடுகிறது. அவ்வளவு தொலைவுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், நிழலின் விளிம்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கலங்கிப் போகிறது. அதாவது நிழல் கறுப்பாக இராது; அலையலையாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் மெல்லிய கம்பியின் பின்னால் நாம் பார்க்கும் அதே வரிகள்! 2009இல் ஹபிள் தொலைநோக்கியின் பழைய பதிவுகளிலிருந்து, அரைக் கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பொருளின் நிழலை எடுத்தார்கள். 2019இல் சப்பானியர் மியாக்கோ தீவில் இரண்டு சிறிய தொலைநோக்கிகளை வைத்து, 1.3 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒன்றை அறிவித்தார்கள். அவற்றின் விட்டம் 28 சென்டிமீட்டர். பாப்பு காவலூரில் முதன்முதலில் நிறுத்திய தொலைநோக்கியைவிடச் சிறியவை.

ஆக, பெரிய ஆடி இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. வேண்டியவை ஒரு சிறு தொலைநோக்கி, விரைவாகப் படமெடுக்கும் ஒரு கேமரா, சரியான நேரம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி. இன்னொன்றும் வேண்டும், இருட்டு. அதுதான் நம்மிடம் குறைந்துகொண்டே வருகிறது. ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் வியாழன் தெரிகிறது; வெள்ளி தெரிகிறது; மங்கலானவை எவையும் தெரிவதில்லை. ஆலை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் வானத்தை விடிய விடியச் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கின்றன. ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டதும் கல்லூரிக்கு அனுப்பியதும் ஓர் ஆலைதான். மேல்நோக்கி வீணாகப் போகும் வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன். விளக்குக்கு ஒரு மூடி போட்டால் வெளிச்சம் கீழே விழும், மின்கட்டணமும் குறையும்.

இது நடக்காத காரியம் என்று எண்ண வேண்டாம். 2017 சூலை 17ஆம் நாள், அரோகோத் என்று பின்னர்ப் பெயர் பெற்ற ஒரு சிறு பொருளின் நிழல் தென்னமெரிக்காவின் அர்சென்டினாவில் விழ இருந்தது. கைப்பர் பட்டையில், 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது அது. 24 சிறு தொலைநோக்கிகளை வயல்வெளிகளில் வரிசையாக வைத்தார்கள். அவ்வூரார் தெருவிளக்குகளை அணைத்தார்கள். வண்டிகளின் முகப்பு வெளிச்சம் படக் கூடாதென்று நெடுஞ்சாலை ஒன்றை இரண்டு மணி நேரம் மூடினார்கள். காற்றைத் தடுக்க லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். ஐந்து தொலைநோக்கிகளில் விண்மீன் அணைந்தது. அந்த ஐந்து கோடுகளைக் கொண்டு, அப்பொருள் இரண்டு உருண்டைகள் ஒட்டியதுபோல் இருக்கலாம் என்றார்கள். 2019 புத்தாண்டு நாளில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகில் சென்று பார்த்தபோது அப்படியே இருந்தது.

காவலூரில் இன்று 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஒரு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பட்டாச்சாரியாவின் பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2014இல் வந்தது. 1988இல் காவலூரிலிருந்தே இரா. இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு இராமானுஜன் என்று பெயரிட்டார். அதன் எண் 4130. வைணு பாப்புவின் பெயரிலும் ஒரு சிறுகோள் சுற்றிக்கொண்டிருக்கிறது; அதன் எண் 2596. அதுவும் அவ்வப்போது ஏதாவது ஒரு விண்மீனை மறைக்கத்தான் செய்யும். எந்த இரவில், எந்த ஊர் வழியாக அதன் நிழல் ஓடும் என்பதைக் கணிக்கும் நிரல்கள் கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன.